சட்டைப் பையில் இருந்த மூன்று கட்டைகள்

"பாதுகாப்பு விதியைத் தெரிந்தே மீறி, பியூஸைக் கழற்றாமல் வேலை செய்ததால் மேற்படி விபத்துக்கு அவரே முழுப் பொறுப்பு. ஆகவே இழப்பீடு கோர அவருக்குத் தகுதியில்லை."

கம்பெனியிலிருந்து வந்த பதில் இவ்வளவுதான். நான் இரண்டு பக்கம் எழுதியதற்கு இரண்டு வரி. மேலே கம்பெனி முத்திரை, கீழே மேனேஜரின் கையெழுத்து, நடுவில் இப்படி ஒரு பொய். தாள் மட்டும் நல்ல தாள்.

என் தங்கை புருஷன் அந்த அட்டைப்பெட்டி ஆலையில் பதினாறு வருடமாக எலெக்ட்ரீஷியன். கடிதத்தை நான் வாசித்துக் காட்டியபோது கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வலது கை இருந்த இடத்தில் முழங்கைக்கு நாலு விரற்கடை கீழே கட்டு முடிந்திருந்தது. முழுதும் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"மச்சான், இன்னொரு தடவை படிங்க. பியூஸைக் கழற்றாமலா? நானா?"

"நீங்கதான் மாப்பிள்ளை. உங்க பேர்தான் போட்டிருக்கு."

"என் பேரைப் போடாம பட்டப்பேரைப் போட்டு இதே வரிய எழுதச் சொல்லுங்க பாப்போம். எழுதறவனுக்கே சிரிப்பு வந்துரும்."

அந்தப் பட்டப்பேரைச் சொல்லியாக வேண்டும். ஆலையில் அவருக்குப் பெயர் 'பாக்கெட்டு'. எந்த இயந்திரத்தில் கை வைப்பதானாலும் முதலில் போர்டுக்குப் போவார். அந்த இயந்திரத்துக்கான மூன்று பியூஸ் கட்டைகளையும் பிடுங்குவார். வெள்ளைப் பீங்கான் கட்டைகள், ஒவ்வொன்றும் ஒரு தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிது. மற்றவர்கள் பிடுங்கினால் போர்டின் தலையிலேயே வைத்துவிட்டுப் போவார்கள். இவர் மூன்றையும் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். வேலை முடிந்து தன் கையால் மாட்டும்வரை அவை அங்கேதான் இருக்கும். பீங்கான் விளிம்பு துணியைக் கிழித்துவிடும் என்று என் தங்கை அவருடைய எல்லாச் சட்டைகளுக்கும் பையை இரட்டைத் துணி வைத்துத் தைத்திருந்தாள்.

"போர்டு மேல வெச்சா எவன் வேணா எடுத்து மாட்டிருவான். என் பையில இருந்தா, என்னைக் கேக்காம கரண்ட் வராது" என்பார்.

ஒருமுறை வேலைக்கு நடுவே டீக் கடைக்குப் போயிருக்கிறார். சில்லறைக்காகப் பையில் கை விட்டபோது முதலில் மூன்று கட்டைகளும் மேசைமேல் வந்து உட்கார்ந்தன. கூட இருந்த ஃபோர்மன், "காசுக்குப் பதிலா கரண்டையே குடுக்கறியாடா?" என்று கேட்க, கடையே சிரித்தது. அன்றைக்கு ஃபோர்மன் வைத்த பெயர்தான் பாக்கெட்டு. காவலாளி முதல் கணக்கர் வரை பெற்றோர் வைத்த பெயரை மறந்துவிட்டு அதையே பிடித்துக்கொண்டார்கள்.

அந்த மனிதர்தான் பியூஸைக் கழற்றவில்லையாம்.

விபத்து நடந்தது காலை பத்தரை மணிக்கு. பசை ஒட்டும் இயந்திரத்தின் மோட்டார் சூடாகிறதென்று இவரை அழைத்தார்கள். மூன்றாம் நம்பர் போர்டில் கட்டைகளைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு, டெஸ்டரை வைத்துப் பார்த்துவிட்டு, மோட்டாரின் மூடியைத் திறந்திருக்கிறார். கால் மணி நேரத்தில் ஆலை முழுவதற்கும் மின்சாரம் போய்விட்டது. விளக்குகள் அணைந்தன. தன் லைன்தான் ஏற்கெனவே செத்துக் கிடக்கிறதே என்று அவர் வேலையைத் தொடர்ந்தார். பின்னால் எங்கேயோ ஜெனரேட்டர் உறுமும் சத்தம் கேட்டது. அவருக்கு நினைவிருப்பது அதுவரைக்கும்தான்.

மிச்சத்தை ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்த ஆலைத் தொழிலாளிகள் இரண்டு பேர் சொன்னார்கள். நாங்கள் சொன்னோமென்று சொல்லிவிடாதீர்கள் என்று முதலில் கெஞ்சிவிட்டுத்தான் சொன்னார்கள். மத்தியானத்துக்குள் ஒரு பெரிய ஆர்டர் லாரி ஏற வேண்டியிருந்தது. வாடகை ஜெனரேட்டர் ஒன்றைக் கொண்டுவந்து பின்சுவருக்கு அப்பால் நிறுத்தினார்கள். அதன் கேபிளை முறைப்படி மெயினுக்குக் கொண்டுபோக நேரமில்லை. பின்சுவரில் பசை இயந்திரங்களின் லைன் போய் முடிகிற பெட்டி இருக்கிறது. அதிலேயே மாட்டிவிடுங்கள் என்று மேனேஜர் சொல்லியிருக்கிறார். மாட்டினார்கள். ஓட்டினார்கள். லைனின் தலைப்பக்கத்தை இவர் பியூஸைப் பிடுங்கித் துண்டித்துவைத்திருந்தார், வால்பக்கமாக மின்சாரம் வந்தது. அந்தப் பெட்டிக்கும் இவர் உட்கார்ந்திருந்த இடத்துக்கும் நாற்பது அடி. நாற்பது அடி நடந்துவந்து, "யாராவது லைன்ல இருக்கீங்களா?" என்று ஒரு குரல் கொடுக்க ஆலையில் ஒருவருக்கும் நேரமிருக்கவில்லை.

மின்சாரம் வலது கை விரல்களில் ஏறி இடது பாதத்தில் வெளியேறியிருக்கிறது. முதல் நாள் பார்த்தபோது கையில் சின்னக் கருப்புக் குழி, பாதத்தில் ஒன்று, அவ்வளவுதான். இதற்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று நான்கூட நினைத்தேன். டாக்டர் என்னைத் தனியாக அழைத்தார். "தோல்ல தெரியறதை வெச்சு முடிவு பண்ணாதீங்க. கரண்ட் போன வழியெல்லாம் உள்ளே வெந்திருக்கு. சதை கரைஞ்சு சிறுநீரகத்தை அடைச்சுதுன்னா உயிருக்கே ஆபத்து" என்றார். குழாய் வழியே பிளாஸ்டிக் பையில் இறங்கிய சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் இருந்தது. மணிக்கொருமுறை அதை அளந்து எழுதினார்கள். என் தங்கை மூன்று நாளும் புருஷன் முகத்தைப் பார்த்ததைவிட அந்தப் பையைப் பார்த்ததுதான் அதிகம். நிறம் தெளிந்தது. ஆனால் கை கறுத்துக்கொண்டே போனது. ஐந்தாம் நாள் எடுத்துவிட்டார்கள்.

அந்த ஐந்தாம் நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வேண்டியிருக்கும்.

கம்பெனிக் கடிதம் வந்த மறுநாள் நான் மனு எழுதி, தொழிலாளர் இழப்பீட்டு அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன். நான் லாரி புக்கிங் ஆபீஸில் எழுத்தர். ரசீது இல்லாமல் ஒரு மூட்டையைக்கூட நகர்த்தவிடாத வேலை. தங்கையிடம் இருந்த காகிதங்களை எல்லாம் வாங்கித் தேதி வாரியாக அடுக்கி, எண் போட்டு, முன்னால் ஒரு பட்டியலும் வைத்தேன். மொத்தம் முப்பத்தொரு காகிதங்கள். அடுத்த ஏழு மாதத்தில் பதினொரு கடிதங்கள் போனபின் முதல் விசாரணைக்கு நாள் கிடைத்தது.

அறையில் ஒரு மேசை, இரண்டு பெஞ்சு, நாடா கட்டிய கோப்புகள் சுவரோரம் இடுப்பளவுக்கு. விசாரணை அதிகாரி ஒரு பெண்மணி. கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வாசிப்பவர். கம்பெனிக்காக ஒரு வக்கீலும் மேனேஜரும் வந்திருந்தார்கள். சாட்சி சொல்ல ஃபோர்மன்.

வக்கீல் ஒரு அறிக்கையைக் கொடுத்தார். கம்பெனி அமர்த்திய பொறியாளர் ஒருவர் விபத்து நடந்த ஐந்தாம் நாள் வந்து பார்த்து எழுதியது. அதில் ஒரு வரிக்குக் கீழே சிவப்பு மையால் கோடு போட்டிருந்தார்கள்: "மூன்றாம் எண் போர்டைப் பரிசோதித்தபோது மூன்று பியூஸ் கட்டைகளும் அதனதன் இடத்தில் பொருத்தப்பட்டிருந்தன."

"கழற்றவே இல்லைங்கறதுக்கு இதைவிட என்ன வேணும் மேடம்?" என்றார் வக்கீல்.

அதிகாரி ஃபோர்மனைப் பார்த்தார். "அன்னிக்கு இவர் பியூஸை எடுத்தாரா?"

"நான் பாக்கலீங்க."

"வழக்கமா எடுப்பாரா?"

ஃபோர்மன் தன் செருப்பைப் பார்த்தார். "எனக்குத் தெரியாதுங்க."

பக்கத்தில் ஒரு சத்தம் கேட்டுத் திரும்பினேன். மாப்பிள்ளை சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அதிகாரி, "என்ன சிரிப்பு?" என்று அதட்டினார்.

"ஒண்ணுமில்லைங்க மேடம். என் பேரு நினைப்பு வந்துச்சு."

அடுத்த தேதிக்குள் இதற்கு மறுப்பாக ஆதாரம் ஏதேனும் இருந்தால் கொடுங்கள், இல்லையென்றால் இருப்பதை வைத்து முடிப்பேன் என்று அதிகாரி சொல்லிவிட்டார். ஆதாரத்துக்கு எங்கே போவது? பிடுங்கிய கட்டைகள் எப்படிப் போர்டுக்குத் திரும்பிப் போயின என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் யோசித்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. சொல்லவே வெட்கமாக இருக்கிறது, ஒரு கணம் மாப்பிள்ளைமீதே சந்தேகம் வந்தது. பதினாறு வருடத்தில் ஒருநாள் மறந்திருக்கலாமே? அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து, டிக்கெட்டை வாயில் கவ்விக்கொண்டு, இடது கையால் கம்பியைப் பிடித்திருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் தங்கை தண்ணீர் கொடுத்துவிட்டு, "என்ன ஆச்சுண்ணே?" என்றாள். அறிக்கையின் நகலை எடுத்து அந்தச் சிவப்புக்கோட்டு வரியை வாசித்தேன்.

"மூணு கட்டையும் போர்டுல இருந்துச்சாமா?" என்றாள்.

"ஆமா."

"என்னிக்குப் பாத்தாங்களாம்?"

"அஞ்சாம் நாள்."

"அப்ப இருக்கத்தான செய்யும்? நான்தான மூணாம் நாளே கொண்டுபோய்க் குடுத்துட்டு வந்தேன்!"

சொம்பு என் கையில் பாதியில் நின்றது. மாப்பிள்ளை கட்டிலிலிருந்து எழுந்தே விட்டார். "என்னத்தக் குடுத்த?"

"அந்தக் கட்டையத்தான். ஆஸ்பத்திரில உங்க சட்டைய வெட்டி எடுத்து ஒரு பையில போட்டுக் குடுத்தாங்கல்ல? அதுல இருந்துச்சு. நீங்கதான காய்ச்சல்ல பினாத்திக்கிட்டே இருந்தீங்க, 'பையில மூணு கட்டை இருக்கு, கம்பெனி சாமான், மெஷின் நின்னுரும், போய்க் குடுத்துரு'ன்னு. நர்ஸம்மாவே, 'போய்க் குடுத்துட்டு வாம்மா, அப்பத்தான் இவரு அடங்குவாரு'ன்னாங்க. நான் பஸ்ஸைப் பிடிச்சு ஓடினேன்."

"நான் சொன்னேனா?"

"பின்ன நானா கனவு கண்டேன்?"

நான் கத்திவிட்டேன். "ஏழு மாசமா இதை ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"நீ கேட்டியாண்ணே?" அவளும் கத்தினாள். "வந்ததும், 'பேச்சு வேண்டாம், காகிதம் மட்டும் குடு'ன்ன. இருந்த காகிதம் பூரா குடுத்தேன். ஸ்டோர்காரர் குடுத்த சீட்டுகூட அதுலதான் இருக்கு."

கோப்பைப் பிரித்தேன். பட்டியலில் பதினான்காம் எண். என்னுடைய அழகான கையெழுத்தில் இப்படி எழுதியிருந்தது: "ஸ்டோர் சீட்டு. கம்பெனி உள்விவகாரம். வழக்குக்குத் தேவையில்லை."

அந்த ஸ்டோர்காரரைப் பற்றி மாப்பிள்ளை கதை கதையாகச் சொல்வார். முதலாளியே வந்து ஒரு குண்டூசி கேட்டாலும் சீட்டு எழுதாமல் கொடுக்கமாட்டார், திருப்பிக் கொடுத்தாலும் சீட்டு எழுதாமல் வாங்கமாட்டார். மஞ்சள் நிறச் சீட்டு. பொருள்: பியூஸ் கட்டை, மூன்று. கொண்டுவந்தவர்: எலெக்ட்ரீஷியன் மனைவி. எங்கிருந்து: ஆஸ்பத்திரியில் கொடுத்த சட்டைப் பை. குறிப்பு: துடைத்து வாங்கப்பட்டது. தேதி, நேரம், கையெழுத்து. விபத்து நடந்த மூன்றாம் நாள், காலை பதினொன்று பத்து.

"துடைத்துன்னா என்னம்மா?" என்று கேட்டேன்.

"அதுல கரி மாதிரி, காஞ்ச ரத்தம் மாதிரி ஒட்டியிருந்துச்சு. 'இப்படியே வாங்கக் கூடாது, துடைச்சுக் குடும்மா'ன்னார். முந்தானையால துடைச்சுக் குடுத்தேன்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. செத்துப் பிழைத்துக்கொண்டிருந்தவர் கம்பெனியின் இயந்திரம் நின்றுவிடுமே என்று கவலைப்பட்டார். அவர் பெண்டாட்டி புருஷனை விட்டுவிட்டு ஓடி, கம்பெனிப் பொருளைத் துடைத்துக் கொடுத்துவிட்டு வந்தாள். அந்த நேர்மையை வாங்கி வைத்துக்கொண்டு, அதையே இரண்டு நாள் கழித்து இவர் கழுத்துக்குச் சுருக்காகத் திரித்துவிட்டார்கள். பதினொரு கடிதம் எழுதிய கெட்டிக்காரனான நான் அந்தச் சீட்டுக்கு எண் போட்டு உள்ளே தூங்கவைத்திருந்தேன்.

மறுநாளே சீட்டின் நகலை இணைத்து, ஸ்டோர்காரரையும் அவருடைய கார்பன் புத்தகத்தையும் வரவழைக்க வேண்டுமென்று மனுக் கொடுத்தேன். நகல் ஒன்று கம்பெனிக்கும் போனது. நான்காம் நாள் மாலையில் ஃபோர்மன் ஒரு பை நிறைய ஆரஞ்சுப் பழத்தோடு வீட்டுக்கு வந்தார். ஆஸ்பத்திரிக்குக்கூட எட்டிப் பார்க்காத மனிதர்.

"எப்படிடா இருக்க பாக்கெட்டு?"

"இருக்கேன்ணே. உக்காருங்க."

சுற்றி வளைத்து விஷயத்துக்கு வந்தார். வழக்கை வாபஸ் வாங்கிக்கொண்டால் மேனேஜர் ஒரு தொகை தரத் தயார். அதோடு கேட்டில் ஒரு வேலையும் உண்டு. தவறு தன்னுடையது என்று ஒரு காகிதத்தில் மட்டும் கையெழுத்துப் போட்டால் போதும்.

"கேட்ல என்ன வேலைண்ணே?" மாப்பிள்ளை மிகவும் மரியாதையாகக் கேட்டார்.

"சும்மா உக்காந்திருக்கிறதுதாண்டா. வர்ற வண்டி, போற வண்டி நம்பரை எழுதணும்."

"எந்தக் கையால?"

ஃபோர்மன் பழப் பையைக் கட்டில் பக்கம் நகர்த்தினார். என் தங்கை சமையலறை வாசலில் நின்று, "பழத்தை எடுத்துக்கிட்டுப் போங்கண்ணே. உரிச்சுச் சாப்பிடறதுக்கும் ரெண்டு கை வேணும்" என்றாள். அவர் போனபிறகு அவள் அழுதாள். வீட்டு வாடகை, பிள்ளையின் பள்ளிக்கூடம் எல்லாம் என்னைவிட அவளுக்குத்தான் தெரியும். அந்தத் தொகையை வேண்டாமென்று சொல்வது எனக்குச் சுலபம், அவளுக்கு இல்லை. இருந்தும் பழத்தைத் திருப்பிக் கொடுத்தவள் அவள்தான்.

இரண்டாம் விசாரணைக்குப் போகும்போது மாப்பிள்ளை ஒரு நீலச் சட்டை போட்டிருந்தார். சட்டை தைக்கிறவர்கள் எல்லாரும் பையை இடது பக்கத்தில்தான் வைக்கிறார்கள். வலது கை உள்ளவர்களுக்குத்தான் அது தோது. தங்கை அதைப் பிரித்து வலது பக்கத்தில் தைத்திருந்தாள். பழக்கதோஷம், இரட்டைத் துணியாகவே தைத்துவிட்டாள்.

வக்கீல் எழுந்ததும், "மேடம், அந்த ஸ்டோர் புத்தகம் பழசு. தேடிப் பாத்தாச்சு, கிடைக்கல" என்றார்.

பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல் வெடித்தது. "யார் சொன்னது கிடைக்கலைன்னு?"

ஸ்டோர்காரர். ஒல்லியான உடம்பு, காதில் பேனா, மடியில் துணிப்பை. மேனேஜர் திரும்பி முறைத்த முறைப்பை அவர் கவனித்ததாகவே தெரியவில்லை. அவருக்கு வந்த கோபம் வேறு கோபம்.

"இருபத்திரண்டு வருஷம் மேடம். என் புத்தகம் ஒண்ணு, ஒரே ஒண்ணு, காணாமப் போயிருக்குன்னு எவனாவது சொல்லட்டும். என்னைக் கேக்காமலே கிடைக்கலைன்னா என்ன அர்த்தம்? நான் என்ன பொட்டலம் மடிக்கவா எழுதி வெச்சிருக்கேன்?"

"சரி சரி, கொண்டாங்க" என்று அதிகாரி கையை நீட்டினார்.

ஸ்டோர்காரர் புத்தகத்தை வெளியே எடுத்தார். கொடுக்கவில்லை. "வாங்கிக்கிட்டதுக்கு ஒரு சீட்டுக் குடுத்துருவீங்களா மேடம்?"

அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குமாஸ்தாவைக் கூப்பிட்டு ஒரு சீட்டு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதை இருமுறை படித்துப் பார்த்தபிறகுதான் புத்தகம் மேசைக்குப் போனது.

கண்ணாடி நெற்றியில் ஏறியது. அதிகாரி எங்கள் சீட்டைக் கார்பன் பிரதியோடு ஒட்டிவைத்துப் பார்த்தார். பிறகு, நாங்கள் யாரும் எதிர்பார்க்காதபடி, அடுத்த தாளைப் புரட்டினார்.

"இது என்ன? அதே தேதி. பதினொன்று நாற்பது. பியூஸ் கட்டை மூன்று, மூன்றாம் எண் போர்டுக்கு வழங்கப்பட்டது. பெற்றுக்கொண்டவர்..." நிமிர்ந்து ஃபோர்மனைப் பார்த்தார். "இது உங்க கையெழுத்தா?"

ஃபோர்மன் எழுந்து நின்றார். "ஆமாங்க."

"எங்க மாட்டினீங்க?"

"மூணாம் நம்பர் போர்டுலங்க."

"அப்ப அதுக்கு முன்னாடி அந்த இடம் காலியா இருந்தது."

ஃபோர்மன் தலையை ஆட்டினார்.

"வாயைத் திறந்து சொல்லுங்க. நான் எழுதணும்."

"காலியாத்தாங்க இருந்துச்சு."

"இவரோட சட்டைப் பையில இருந்தது, இவர் மனைவி கையால வந்தது, உங்க கையால போர்டுக்குப் போனது. இது தெரிஞ்சுதான் போன தடவை எனக்கு எதுவும் தெரியாதுன்னு சொன்னீங்களா?"

வக்கீல் குறுக்கே வந்தார். அதிகாரி பேனாவைக் காட்டி அவரை உட்காரவைத்தார். அடுத்து மேனேஜர் பக்கம் திரும்பினார்.

"மூணு பியூஸும் இவர் பையில. மெயின்லயும் அந்த நேரம் கரண்ட் இல்லைன்னு உங்க அறிக்கையே சொல்லுது. அப்ப இவர் கைக்கு மின்சாரம் எங்கேர்ந்து வந்தது?"

மேனேஜர் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் கோப்பைப் பார்த்தார். அதிகாரி காத்திருந்தார். ஏழு மாதமாக நான் எழுதிய பதினொரு கடிதத்திலும் இருந்த கேள்வி அதுதான். யாரும் பதில் போடாத கேள்வி.

"ஒரு ஜெனரேட்டர்... வாடகைக்கு..." என்று மேனேஜர் ஆரம்பித்தார்.

வெளியே வந்ததும் ஃபோர்மன் பின்னாலேயே ஓடிவந்தார். "பாக்கெட்டு, டேய், கோபமாடா? எனக்கும் பிள்ளைகுட்டி இருக்குடா."

மாப்பிள்ளை நின்றார். "பேரு வெச்சது நீங்கண்ணே. ஏன் வெச்சேன்னு உள்ள ஒரு வரி சொல்லியிருந்தா முதல் நாளே முடிஞ்சிருக்கும். அதுக்குப் பிள்ளைகுட்டி குறுக்க வந்துச்சா?" பிறகு மெதுவாகச் சொன்னார். "இனிமே என்னை அந்தப் பேர் சொல்லிக் கூப்பிடாதீங்க."

ஸ்டோர்காரர் படியில் நின்று சீட்டை மடித்துக்கொண்டிருந்தார். என் தங்கை அவரைக் கும்பிட்டாள். "அன்னிக்கு உன்னைத் துடைக்கச் சொல்லியிருக்கக் கூடாதும்மா" என்றார் அவர். "அழுக்கா வாங்கினா அடுத்தவன் கேப்பான்னு மட்டும்தான் தோணுச்சு." சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

ஒன்றரை மாதத்தில் உத்தரவு வந்தது. இழப்பீடு கொடுக்க வேண்டும், தாமதத்துக்கு வட்டியோடு. கைக்கு இத்தனை சதவீதம், விரலுக்கு இத்தனை சதவீதம் என்று அவர்களிடம் அட்டவணை இருக்கிறது. அதைப் பார்த்துப் பெருக்கி வகுத்திருந்தார்கள். ஸ்க்ரூ டிரைவரைத் திருப்பிக்கொண்டே எந்த நட்டு இளகியிருக்கிறது என்று சொல்லிவிடும் கைக்கு அட்டவணையில் தனிக் கட்டம் கிடையாது. போகட்டும். வாடகை கொடுக்கலாம், பிள்ளை படிக்கலாம். தங்கை உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

மாப்பிள்ளை முழுவதையும் என்னை வாசிக்கச் சொன்னார். கடைசிப் பக்கத்தில் ஒரு வரி வந்ததும் நிறுத்தினார்.

"என்ன போட்டிருக்கு?"

"'தொழிலாளியின் கவனக்குறைவு நிரூபிக்கப்படவில்லை.'"

"நிரூபிக்கப்படலையா?" அவர் முகம் சிவந்தது. "அப்படின்னா என்ன மச்சான்? திருடினான், ஆனா பிடிபடலைங்கற மாதிரி இருக்கு. நான் கழற்றினேன். கழற்றிப் பையில வெச்சிருந்தேன். அதை எழுதறதுக்கு ஒருத்தருக்கும் கை வரலையா?"

"காசு வந்துருச்சுல்ல மாப்பிள்ளை..."

"கைக்குக் காசு வந்துருச்சு. இந்த வரி இப்படியே இருந்தா, நாளைக்கு அந்த ஆலைல புதுசா வர்ற எலெக்ட்ரீஷியனுக்கு என்னன்னு சொல்லுவாங்க? 'முன்னாடி ஒருத்தன் இருந்தான், பியூஸ் எடுக்காம வேலை பாத்து கையை விட்டுட்டான்'னு. ஜெனரேட்டரைப் பத்தி எவனும் பேச மாட்டான். அதையும் அதே மாதிரி மறுபடி மாட்டுவான்."

நான் காகிதத்தை எடுத்தேன். பன்னிரண்டாவது கடிதம். பொய் அறிக்கை கொடுத்தவர்கள்மீது நடவடிக்கை வேண்டும், ஜெனரேட்டரைப் பின்பெட்டியில் மாட்டச் சொன்னது யாரென்று எழுத்தில் வர வேண்டும், உத்தரவின் அந்த வரி திருத்தப்பட வேண்டும் என்று எழுதினேன். எழுதி முடித்துக் கையெழுத்துக்காக அவர் முன்னால் நகர்த்தினேன்.

"பேனாவைக் குடுங்க. கீழே இடம் விட்டிருக்கீங்கல்ல?"

தங்கை காகிதம் நகராமல் இரண்டு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அவர் இடது கையால் எழுத ஆரம்பித்தார். ஆறு மாதமாகக் கையெழுத்து மட்டும்தான் பழகியிருந்தார், ஒரு முழு வாக்கியம் இதுவரை எழுதியதில்லை. எழுத்துகள் கோட்டை விட்டு இறங்கின, ஏறின. 'கழற்றி'யில் ஒருமுறை அடித்துவிட்டு மறுபடி எழுதினார். கால் மணி நேரம் ஆனது.

"நான் மூன்று பியூஸ் கட்டைகளையும் கழற்றி என் சட்டைப் பையில் வைத்திருந்தேன்."

என் பழக்கப்படி, "நான் இதை நல்லா எழுதித் தரட்டுமா மாப்பிள்ளை?" என்று கேட்டேன்.

"வேண்டாம் மச்சான். அவங்க படிக்கக் கொஞ்சம் கஷ்டப்படட்டும்."

அப்படியே உறையில் போட்டு ஒட்டினேன். பதிவுத் தபாலில் போயிற்று. ஒப்புகை அட்டை வந்துவிட்டது. பதில் இன்னும் வரவில்லை. பதிமூன்றாவது கடிதத்துக்குத் தாளை எடுத்து வைத்திருக்கிறேன். இந்த முறை முதல் வரியையே அவர் எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார்.